எட்டு வாரத் திட்டத்தின் எச்சங்கள்: பிரிட்டன் மண்ணில் 1940ஆம் ஆண்டுக் காவலரண்கள்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையோரத்தில் களிமண் மேடு சரியும் காலங்களில் ஒரே மாதிரியான படங்கள் செய்திகளில் வருகின்றன. முதல் படத்தில் மேட்டின் விளிம்பில் பாதி அந்தரத்தில் நிற்கும் ஒரு கான்கிரீட் அறை. சில வாரம் கழித்து வரும் படத்தில் அதே அறை கீழே மணலில் கவிழ்ந்து கிடக்கிறது. "இரண்டாம் உலகப் போர்ப் பதுங்குகுழி கடலில் விழுந்தது" என்ற தலைப்போடு வரும் இப்படங்களைப் பார்ப்பவருக்கு மூன்று ஐயங்கள் எழுவது இயல்பு. ஜெர்மானியப் படை ஒருபோதும் வந்திறங்காத ஒரு பெருந்தீவில் இத்தனை அரண்கள் எதற்காக எழுந்தன? கடல் கண்ணுக்கே எட்டாத உள்நாட்டில், கால்வாய் ஓரத்திலும் மாடு மேயும் வயல் விளிம்பிலும் அதே போன்ற அறைகள் நிற்பது ஏன்? அவை பாதுகாக்கத் தக்கவை என்றால் விழுகிற ஒன்றைத் தூக்கி நிறுத்த எவரும் முன்வராதது ஏன்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் தொடங்குகிறது. நாம் தனித்தனிப் பெட்டிகளாகக் காண்பவை ஒரு பெரிய திட்டத்தின் உதிரி உறுப்புகள். அந்தத் திட்டத்தைத் தெரிந்துகொள்ளாமல் எந்தப் பெட்டிக்கும் பொருள் சொல்ல முடியாது.

முதலில் சில சொற்கள்

பிரிட்டனில் இந்த அறைகளுக்கு வழங்கும் பெயர் பில்பாக்ஸ். மாத்திரை வைக்கும் சிறு டப்பா என்பது அதன் நேர்ப்பொருள். முதல் உலகப் போரில் மேற்கு முனையில் ஜெர்மானியர் கட்டிய சிறு கான்கிரீட் அறைகளைப் பார்த்துப் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வைத்த பெயர் என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

செய்தித் தலைப்புகள் சொல்வது போல் இது பதுங்குகுழி அன்று. பதுங்குகுழி என்பது குண்டு விழும்போது உயிரைக் காத்துக்கொள்ள இறங்கும் இடம். ஈழத்தில் போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பில்பாக்ஸ் என்பது உள்ளே இருந்து சுடுவதற்காகவே கட்டப்பட்ட அறை. ஆகவே தமிழில் காவலரண் என்ற சொல்லே இதற்குப் பொருந்தும். இக்கட்டுரையிலும் அதுவே பயன்படுகிறது. சுவரில் துப்பாக்கியை நீட்டுவதற்காக விடப்பட்ட, வெளிப்புறம் அகன்றோ உட்புறம் அகன்றோ இருக்கும் இடைவெளியைச் சுடுதுளை என்போம். ஆறு, கால்வாய், இருப்புப்பாதைக் கரை போன்ற இயற்கை அல்லது செயற்கைத் தடையை ஒட்டிப் பல கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட அரண்வரிசை தடுப்புக் கோடு.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே விலக்கிவிடலாம். ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளான ஜெர்சி, கெர்ன்சி ஆகியவற்றில் காணப்படும் பிரம்மாண்டமான கான்கிரீட் அரண்கள் அத்தீவுகளைப் பிடித்துவைத்திருந்த ஜெர்மானியர் கட்டியவை. அவை வேறு கதை. அதேபோல் நார்ஃபோக் மாவட்டத்தில் காணப்படும் வட்ட வடிவக் காவலரண்கள் பல முதல் உலகப் போர்க் காலத்தைச் சேர்ந்தவை. நாம் பேசப்போவது 1940 கோடையில் எழுந்தவற்றைப் பற்றி.

அந்தக் கோடையில் நிலைமை என்ன

1940 மே 10 அன்று ஜெர்மனி மேற்கு நோக்கித் தாக்கத் தொடங்கியது. பதினாறே நாட்களில், மே 26 அன்று, டன்கர்க் கடற்கரையிலிருந்து நேசநாட்டுப் படையினரைக் கப்பலேற்றும் பணி தொடங்கிவிட்டது. ஜூன் 4 வரை நடந்த அப்பணியில் ஏறத்தாழ 3,38,000 பேர் மீட்கப்பட்டனர். ஆட்கள் திரும்பினார்கள், ஆனால் ஏறத்தாழ 2,500 பீரங்கிகளையும் 60,000க்கும் மேற்பட்ட வாகனங்களையும் பிரான்சிலேயே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். இந்த ஒரு கணக்கே அடுத்து நடந்த அனைத்துக்கும் திறவுகோல். துருப்புகள் உண்டு, ஆனால் அவர்களை ஏற்றிச் செல்ல வண்டி இல்லை. டாங்கி வந்தால் நிறுத்த ஆயுதம் மிகக் குறைவு.

உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக மே 27 அன்று எட்மண்ட் அயர்ன்சைட் அமர்த்தப்பட்டார். அதற்கு இரு வாரம் முன்பே, மே 14 அன்று, போர்த்துறை அமைச்சர் ஆண்டனி ஈடன் வானொலியில் விடுத்த அழைப்பையடுத்து உள்ளூர்த் தற்காப்புத் தொண்டர் படைக்கு ஆட்கள் திரளத் தொடங்கியிருந்தனர். ஜூலையில் அதற்கு ஹோம் கார்டு என்ற பெயர் வந்தது. ஊர்ப் பெயர்ப் பலகைகள் அகற்றப்பட்டன. தேவாலய மணிகளுக்கு வாய்ப்பூட்டு போடப்பட்டது. எதிரி இறங்கினால் மட்டுமே அவை ஒலிக்க வேண்டும் என்பது ஆணை.

பிரான்சு வீழ்ந்த விதமே அயர்ன்சைடின் கவலைக்கு வடிவம் கொடுத்தது. அங்கே ஜெர்மானிய டாங்கிப் பிரிவுகள் சாலைகளைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பு குவிந்த இடங்களைச் சுற்றிப் போய், பின்புறத்தைக் கலைத்தன. ஆகவே பிரிட்டனில் ஒரு டாங்கி வரிசை கடற்கரையைத் தாண்டிவிட்டாலும் அது தடையின்றி லண்டனை நோக்கி ஓடிவிடக் கூடாது என்பதே அவர் தீர்க்க முயன்ற கணக்கு.

திட்டத்தின் அடுக்குகள்

அயர்ன்சைட் வகுத்த அமைப்பு மூன்று அடுக்குகள் கொண்டது.

1. கரையோர ஓடு. முட்டையின் ஓடு போல மெல்லியது. கடற்கரையில் இறங்கும் எதிரியைத் தடுமாறச் செய்து, எங்கே இறங்கினான் என்ற செய்தியைப் பின்னே அனுப்பி, நேரம் சம்பாதிப்பதே இதன் வேலை.

2. தடுப்புக் கோடுகள். கரைக்கும் உள்நாட்டு மையத்துக்கும் இடையே பல வரிசைகள். இவற்றுள் முதன்மையானது தலைமையகக் கோடு. பிரிஸ்டல் அருகிலிருந்து கென்னட்–ஏவான் கால்வாயை ஒட்டி ரெடிங் வரை வந்து, லண்டனுக்குத் தெற்கே வளைந்து, மெட்வே ஆற்றைத் தொட்டு, தேம்ஸ் முகத்துவாரத்துக்கு அப்பால் எசெக்ஸ், கேம்பிரிட்ஜ் வழியாக வடக்கே ஏறியது. லண்டனையும் நடுநாட்டுத் தொழில் நகரங்களையும் காப்பதற்கான கடைசி வேலி இது.

3. பின்னிருப்புப் படை. எதிரி எங்கே தேங்குகிறானோ அங்கே விரைந்து போய் மோத வேண்டிய படை. மேற்சொன்ன இரண்டும் இந்த மூன்றாவது படைக்கு நேரம் வாங்கிக் கொடுப்பதற்காகவே.

உள்நாட்டு வயலோரத்தில் காவலரண் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு இரண்டாவது அடுக்குதான் பதில். தென்மேற்கில் ஓடும் டான்டன் தடுப்புக் கோட்டைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். தெற்கே சீட்டன் அருகே ஆக்ஸ் ஆற்று முகத்தில் தொடங்கி, ஆக்ஸ்மின்ஸ்டர், சார்டு, இல்மின்ஸ்டர் எனச் சென்று, கால்வாயையும் இருப்புப்பாதையையும் பற்றிக்கொண்டு, வடக்கே பிரிட்ஜ்வாட்டர் விரிகுடாக் கரையை அடைகிறது. நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். இதன் அரண்கள் மேற்கை நோக்கி நிற்கின்றன. டெவன், கார்ன்வால் கரைகளில் இறங்கும் எதிரி கிழக்கே வரும்போது தீபகற்பத்தின் இடுப்பிலேயே அவனைக் கட்டிப்போடுவது நோக்கம். வரைபடத்தைப் பாராமல் ஒரு சாமர்செட் வயலில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு, கடலுக்கு முதுகு காட்டி மேற்கே வெறித்துக்கொண்டிருக்கும் இந்த அறை விளங்கவே விளங்காது.

ஒரு காவலரண் எப்படிக் கட்டப்பட்டது

1940 மே மாதம் போர்த்துறை அலுவலகத்தின் அரண் மற்றும் கட்டுமான இயக்ககத்தில் எஃப்.டபிள்யூ.3 என்ற பிரிவு தொடங்கப்பட்டது. எவரும் எளிதில் கட்டத்தக்க சில மாதிரி வரைபடங்களை உருவாக்கி நாடெங்கும் அனுப்புவது அதன் பணி. இன்றும் ஆய்வாளர்கள் காவலரண்களை இந்த மாதிரி எண்களால்தான் அழைக்கின்றனர்.

22ஆம் வகை ஆறு பக்கமும் சமமான அறுகோணம். 24ஆம் வகையும் ஆறு பக்கமே, ஆயினும் வாயில் இருக்கும் பின்சுவர் மட்டும் மற்றவற்றைவிட நீண்டது: மற்ற சுவர்கள் 7 அல்லது 8 அடி என்றால் பின்சுவர் ஏறத்தாழ 14 அடி. எண்ணிக்கையில் மிகுதி இந்த 24ஆம் வகைதான். 26ஆம் வகை சதுரம். 27ஆம் வகையின் நடுவே கூரையில்லாத ஒரு கிணறு போன்ற வெளி இருக்கும். அங்கே விமானத்தைச் சுடும் இயந்திரத் துப்பாக்கியை நிறுத்துவார்கள். 28ஆம் வகை இவற்றிலிருந்து மாறுபட்டது. டாங்கியைச் சுடும் 2 பவுண்டர் பீரங்கியை உள்ளே உருட்டிக்கொண்டு போக ஏதுவாகப் பின்புறம் அகன்ற திறப்பும், முன்புறம் பெரிய வாயும் கொண்டது. அந்தப் பீரங்கிகளோ போதிய அளவில் இல்லை. ஆகவே பல இடங்களில் முதல் உலகப் போர் டாங்கிகளில் பூட்டியிருந்த பழைய 6 பவுண்டர் ஹாட்ச்கிஸ் பீரங்கிகளைத் தரையில் ஆணியடித்து நிறுத்தினர். சில அறைகளின் தரையில் வட்டமாக நீட்டிக்கொண்டிருக்கும் துருப்பிடித்த திருகாணிகள் அதன் தடயம். அந்த ஆணிவட்டம் போருக்குத் தயாரான நாட்டின் அடையாளம் அல்ல. கைக்குக் கிடைத்ததைக் கொண்டு நின்ற நாட்டின் அடையாளம்.

சுவரின் கனம் இரண்டு நிலைகளில் அமைந்தது. ஏறத்தாழ ஓரடி கனமுள்ளது துப்பாக்கிக் குண்டைத் தாங்கும். மூன்றரை அடி கனமுள்ளது பீரங்கிக் குண்டையும் தாங்கும். உள்ளே நுழைந்தால் நடுவில் ஒரு குட்டைச் சுவர் அல்லது மூன்று கை விரித்த சுவர் நிற்பதைக் காணலாம். அது கூரையைத் தாங்குவதற்கு மட்டுமானதன்று. சுடுதுளை வழியே உள்ளே நுழையும் குண்டு சுவருக்குச் சுவர் தெறித்து அனைவரையும் கொல்லாதபடி தடுப்பதே அதன் முதல் வேலை.

கட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க் கட்டட ஒப்பந்தக்காரர்கள். மேற்பார்வை இராணுவப் பொறியாளர்களுடையது. கான்கிரீட் ஊற்றச் சென்ட்ரிங் அடிப்பதற்குப் பலகை தட்டுப்பாடு. ஆகவே பல இடங்களில் செங்கல்லையே வெளிச்சுவராகக் கட்டி, அதற்குள் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பி, செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்கள். இதனால் சில காவலரண்கள் இன்று சாதாரணச் செங்கல் கொட்டகை போலத் தோன்றுகின்றன. பலகை கிடைத்த இடங்களில் கான்கிரீட்டின் மேல் மரத்தின் ரேகைகள் எண்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்பும் பதிந்து நிற்கின்றன. ஒவ்வொரு படைப்பிராந்தியமும் மாதிரி வரைபடத்தைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது: நார்தம்பர்லாந்தில் சாய்சதுரம் போன்ற நீண்ட வடிவம், கிழக்கு யார்க்ஷயரின் ஹோல்டர்னஸில் இரு பக்கமும் காது முளைத்தது போன்ற வடிவம். உள்ளூர்க் கொத்தனாரின் கை இப்படி ஒவ்வொரு வட்டாரத்திலும் தெரிவது, இவற்றை வெறும் இராணுவச் சரக்காக எண்ண முடியாமல் செய்கிறது.

மறைப்பு வேலை தனிக் கலையாக வளர்ந்தது. கடற்கரையில் கடைக்கூண்டு, வயலில் வைக்கோற்போர், ஊருக்குள் குடிசை எனக் காவலரண்கள் வேடம் பூண்டன. நாடக மேடை வடிவமைப்பாளர் ஆலிவர் மெஸல் சாமர்செட் பகுதியில் இந்தப் பணியில் ஈடுபட்டார். துணி, பலகை, வண்ணம் ஆகியவற்றால் ஆன வேடம் காற்றிலும் மழையிலும் போய்விட்டது. உள்ளிருந்த கான்கிரீட் மட்டுமே நம் கண்ணுக்கு மிஞ்சியிருக்கிறது. அது இவ்வளவு வெளிப்படையாக நிற்பதைப் பார்த்து, கட்டியவர்களை அறியாதவர்கள் என்று சொல்வது தவறு.

கல்லையே வேடமாகக் கொண்டவை மட்டும் தப்பின. சசெக்ஸ் கரையில் உள்ள பெவன்சி கோட்டை ரோமானியர் எழுப்பியது. 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்ற நார்மண்டியின் வில்லியம் வந்திறங்கிய பகுதியும் அதுவே. 1940இல் அதன் இடிந்த சுவர்களுக்குள்ளேயே, அதே மாதிரிக் கற்களைப் பதித்து, இயந்திரத் துப்பாக்கி நிலைகள் அமைக்கப்பட்டன. 1945இல் கோட்டை மீண்டும் தொல்சின்னமாகப் பேணும் துறையின் கைக்கு வந்தபோது அவற்றை இடிக்காமல், கோட்டை வரலாற்றின் ஒரு பகுதியாகவே விட்டுவைக்க முடிவானது. அந்தக் காலத்தில் அப்படி முடிவெடுத்தது அரிய தொலைநோக்கு.

திட்டம் மாறியது

1940 ஜூன் முடிவதற்குள்ளேயே அயர்ன்சைடின் ஏற்பாட்டுக்கு உயர் இராணுவ வட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது. பாதி நாட்டை எதிரி கடந்த பிறகுதான் உண்மையான எதிர்ப்பு தொடங்கும் போலிருக்கிறதே என்பது குறை. ஜூலை 19 அன்று அவருக்குப் பதிலாக ஆலன் புரூக் அமர்த்தப்பட்டார். பிரான்சில் படைநடத்தி அந்தத் தோல்வியை நேரில் கண்டு திரும்பியவர் புரூக். நீண்ட, மெல்லிய, அசையாத கோடுகளில் ஆட்களைப் பரப்பி வைப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. கரைக்கு அருகே, விரைந்து நகரும் படைகளைக் குவித்து, இறங்கிய எதிரி நிலைகொள்ளும் முன்பே அடிக்க வேண்டும் என்றார். தடுப்புக் கோட்டு வேலைகள் படிப்படியாகக் கைவிடப்பட்டன. சாலைகள் சந்திக்கும் ஊர்களை நான்கு பக்கமும் காக்கும் கணுப்புள்ளிகளாக மாற்றும் முறை வந்தது.

மே 27இலிருந்து ஜூலை 19 வரை எட்டு வாரம்கூட இல்லை. ஏற்கெனவே ஒப்பந்தம் விடப்பட்ட கட்டுமானங்கள் பிறகும் பல மாதம் தொடர்ந்தன என்றாலும், உள்நாட்டில் இன்று நாம் காணும் காவலரண் வரிசைகளின் எண்ணம் அந்த எட்டு வாரத்துக்குள் பிறந்து, அதற்குள்ளேயே மேலிடத்தின் ஆதரவை இழந்துவிட்டது.

இதைக் கொண்டு அயர்ன்சைடைப் பழைய காலத்து மனிதர் என்று ஒதுக்கும் வழக்கம் உண்டு. அது நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை. ஜூன் மாதத்தில் அவர் கையில் ஓடும் படை இல்லை. ஓடாத படையை வைத்துக்கொண்டு நிலையான அரண் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. புரூக் பொறுப்பேற்றபோது தொழிற்சாலைகள் இழந்த கருவிகளை ஈடுகட்டத் தொடங்கியிருந்தன. இருவரும் இரண்டு வெவ்வேறு இருப்புக் கணக்குகளை வைத்து முடிவெடுத்தார்கள்.

ஹிட்லர் பிரிட்டன் மீதான படையெடுப்புக்கு ஆயத்தம் செய்ய ஆணையிட்டது ஜூலை 16. செப்டம்பர் 7 மாலை, படையெடுப்பு நெருங்கிவிட்டது என்பதைக் குறிக்கும் 'கிராம்வெல்' என்ற குறிச்சொல் பிரிட்டிஷ் படைகளுக்கு அனுப்பப்பட்டது; சில ஊர்களில் தேவாலய மணிகளும் ஒலித்துவிட்டன. செப்டம்பர் 17 அன்று ஹிட்லர் படையெடுப்பைக் காலவரையின்றி ஒத்திவைத்தார். காவலரண்கள் ஒரு நாளும் தம் வேலைக்கு அழைக்கப்படவில்லை.

அறைகளுக்கு அப்பால்

காவலரண் தனியே டாங்கியை நிறுத்தாது. தடையில் சிக்கித் தயங்கும் எதிரியைச் சுடுவதே அதன் பங்கு. ஆகவே தடையும் அரணும் ஒன்றாகவே திட்டமிடப்பட்டன. கடற்கரைகளில் ஆள் உயரக் கான்கிரீட் கனசதுரங்கள் நெருக்கமாக நிறுத்தப்பட்டன. வேல்ஸின் ஃபேர்போர்ன் கூழாங்கல் கரையில் அத்தகைய நீண்ட வரிசை இன்றும் உண்டு. எடின்பரோவுக்கு அருகே கிராமண்ட் தீவுக்குச் செல்லும் தாழ்பாதை ஓரத்தில், அலை வற்றும்போது பல் வரிசை போலத் தெரியும் தூண்கள், சிறு படகுகள் நுழையாதபடி நிறுத்தப்பட்டவை. சரே மாவட்டத்தின் வேவர்லி மடாலய இடிபாடுகளைச் சுற்றித் தலைமையகக் கோட்டின் அரண்களும் டாங்கித் தடைகளும் இன்றும் உள்ளன. இவை தவிர உள்நாட்டில் டாங்கி விழும் பள்ளங்கள், கிளைடர் இறங்காதபடி வயல்களில் வெட்டிய குழிகள், பாலத்துக்குப் பாலம் சாலைத் தடைகள், கரையோரம் கண்ணிவெடிகள்.

1941இலிருந்து ஹோம் கார்டுக்கு வழங்கப்பட்ட பிளாக்கர் பொம்பார்டு என்ற குண்டெறிக்கருவியின் பீடங்களும் சேர்ந்தன. மேல்பகுதி வளைந்த ஒரு குட்டைக் கான்கிரீட் உருளை, அதன் உச்சியில் கருவியைப் பொருத்தும் துருப்பிடிக்காத எஃகு முளை. புதருக்குள் மூழ்கிக் கிடக்கும் பீடத்திலும் அந்த முளை இன்றும் பளபளக்கும்.

எஞ்சியவை காட்டுவதும் மறைப்பதும்

ஏறத்தாழ 28,000 காவலரண்களும் அவை போன்ற வலுவான அரண்களும் கட்டப்பட்டன என்றும், அவற்றில் 6,500 அளவுக்கு எஞ்சியுள்ளன என்றும் மதிப்பிடப்படுகிறது. நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அந்த ஒன்று எது என்பதைத் தற்செயல் தீர்மானிக்கவில்லை.

போர் முடிந்ததும் மக்களுக்கு இடைஞ்சலாக இருந்தவையே முதலில் அகற்றப்பட்டன. சாலையை அடைத்த தடைகள், சுற்றுலாக் கடற்கரையின் இரும்புச் சட்டங்கள், நகர வீதிகளின் அரண்கள் எல்லாம் போயின. கம்பிவேலியும் மண்மூட்டை நிலைகளும் தாமாகவே மறைந்தன. பள்ளங்களை உழவர்கள் மூடினார்கள். வயல் மூலையிலும் ஆற்றங்கரையிலும் நின்ற கான்கிரீட் அறையை உடைப்பதற்கு ஆகும் செலவு, அந்த இடத்தால் வரும் பயனைவிட அதிகம். ஆகவே அது ஆட்டுக்கு நிழலாகவோ உரமூட்டை வைக்கும் அறையாகவோ நின்றுவிட்டது.

இதனால் இன்றைய நிலப்பரப்பு நமக்கு ஒரு கோணலான படத்தைத் தருகிறது. பிரிட்டனின் தற்காப்பு முழுவதும் தனித்து நிற்கும் கான்கிரீட் பெட்டிகளை நம்பியிருந்தது போலத் தோன்றுகிறது. உண்மையில் எண்ணிக்கையில் பெரும்பகுதி மண்ணாலும் கம்பியாலும் ஆனது. நகரங்களில்தான் அடர்த்தி மிகுதி. போர்க்காலத்திலும் அதையடுத்தும் விமானப்படை எடுத்த வான்படங்களை ஆராய்ந்தபோதுதான் சஃபோக் கரையோரம் போன்ற இடங்களில் மறைந்துபோன பள்ளங்களும் தடைகளும் முழு அளவில் தெரியவந்தன.

களத்தில் ஒரு காவலரணைக் காண்பவர் அதைத் திட்டத்தோடு பொருத்திப் படிக்கச் சில வழிகள் உண்டு.

1. சுடுதுளை வழியே வெளியே பாருங்கள். அறையை வெளியிலிருந்து படமெடுப்பதைவிட இதுவே பயன் தரும். எதிரே ஒரு பாலமோ, கால்வாய் மதகோ, பழைய இருப்புப்பாதைக் கடவோ பெரும்பாலும் இருக்கும். மரம் வளர்ந்து மறைத்திருந்தால் பழைய வரைபடத்தைப் பாருங்கள்.

2. நீர் எந்தப் பக்கம் என்று கவனியுங்கள். கென்னட்–ஏவான் கால்வாயில் அரண்கள் பெரும்பாலும் வடகரையில் நிற்கின்றன. தென்கரையிலிருந்து எதிரி வருவான் என்பது எதிர்பார்ப்பு.

3. விமான நிலையத்தின் அருகே இருந்தால் கணக்கு வேறு. அங்கே பல அரண்கள் உள்நோக்கி, ஓடுதளத்தைப் பார்த்து நிற்கும். வானிலிருந்து குதிக்கும் படையினர் ஓடுதளத்தைப் பிடிக்காமல் காப்பது நோக்கம். தரைக்குள் அமிழ்ந்து, தேவைப்படும்போது காற்றழுத்தத்தால் மேலெழும் பிக்கெட்–ஹாமில்டன் அரண்களும் இத்தகைய இடங்களுக்கு உரியவை.

4. அடுத்ததைத் தேடுங்கள். ஒன்றின் சுடுபரப்பு முடியுமிடத்தில் அடுத்ததன் சுடுபரப்பு தொடங்கியிருக்கும். அடுத்தது இல்லாவிட்டால் அது இருந்த இடம் இருக்கும்.

எதைப் பாதுகாப்பது

நீண்ட காலம் எவரும் இவற்றைத் தொல்சின்னமாக எண்ணவில்லை. சால்ஸ்பரியைச் சேர்ந்த பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹென்றி வில்ஸ் நாடெங்கும் அலைந்து திரட்டிய விவரங்களை 1985இல் வெளியிட்ட பிறகே ஆய்வுலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர் பிரிட்டிஷ் தொல்லியல் மன்றம் 1995 முதல் 2002 வரை நடத்திய பிரிட்டன் தற்காப்புத் திட்டத்தில் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் ஏறத்தாழ 20,000 இடங்களைப் பதிவு செய்தனர். விடுமுறை நாட்களில் முட்புதருக்குள் நுழைந்து அளவெடுத்த இவர்களின் உழைப்பு இல்லாமல் இன்று எந்தத் திட்ட அதிகாரியும் எந்த அரணைப் பற்றியும் ஒரு வரி எழுத முடியாது.

சட்டப் பாதுகாப்பு இரு வழிகளில் வருகிறது. 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் கீழ் பட்டியலிடலாம். திட்டமிடல் சட்டத்தின் கீழ் மரபுக் கட்டடமாக அறிவிக்கலாம். இங்கிலாந்தில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து, வேல்ஸில் காடூ (Cadw) என்ற அமைப்பு, ஸ்காட்லாந்தில் ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் ஸ்காட்லாந்து ஆகியவை இதைக் கவனிக்கின்றன. பெரும்பாலான காவலரண்களுக்கு இந்த இரண்டு பாதுகாப்பும் இல்லை. நிலம் யாருடையதோ அறையும் அவருடையது.

இங்கேதான் என் கவலை. ஒரே வரைபடத்தில் எழுந்த நூற்றுக்கணக்கான அறைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது அரியதா என்று கேட்டால், இல்லை என்றே பதில் வரும். அடுத்ததற்கும் அதே பதில். ஒவ்வொரு முறையும் சரியான பதிலைச் சொல்லிக்கொண்டே ஒரு தடுப்புக் கோடு முழுவதையும் இழந்துவிட முடியும். அரிதானது அறை அன்று. ஆறு, பாலம், பள்ளம், கனசதுரம், மூன்று நான்கு காவலரண்கள் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று பார்த்தபடி இன்றும் நிற்கும் ஓர் இரண்டு கிலோமீட்டர் நீளம்தான் அரிது. தற்காப்புப் பரப்பு என்ற அலகை வைத்து இவற்றை ஆராயும் முயற்சி மேற்சொன்ன பதிவுப் பணியின் தொடர்ச்சியாக வந்தது. பாதுகாப்பும் அந்த அலகிலேயே வழங்கப்பட வேண்டும்.

எதிர்பாராத ஒரு துணையும் கிடைத்திருக்கிறது. இருட்டும் குளிர்ச்சியும் ஈரமும் மாறாத இந்த அறைகளில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இயற்கை ஆர்வல அமைப்புகள் சுடுதுளைகளை ஓரளவு அடைத்து, வாயிலுக்குக் கம்பிக்கதவு போட்டுப் பல காவலரண்களை வௌவால் உறைவிடமாக்கியுள்ளன. வௌவால் உறையுமிடத்தைக் குலைப்பது பிரிட்டனில் குற்றம். தொல்லியல் பட்டியலில் இடம்பெறாத ஓர் அறையை வௌவால் காப்பாற்றிவிடுகிறது.

கடலோரம் மட்டும் வேறு கணக்கு

இனி தொடக்கத்தில் சொன்ன படத்துக்கு வருவோம். ஹோல்டர்னஸ் கரை பனியூழிக் காலக் களிமண்ணால் ஆனது; ஆண்டுக்குச் சராசரியாக ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை கடலுக்குப் பறிபோகிறது. எண்பது ஆண்டுக்கு 120 முதல் 160 மீட்டர். ஆகவே இன்று மேட்டின் விளிம்பில் தொங்கும் அறை, கட்டப்பட்டபோது கடலைத் தொலைவிலிருந்து பார்த்த அறை. கென்ட் மாவட்டத்தின் ஷெப்பித் தீவில் வார்டன் முனையிலும் நார்ஃபோக்கின் ஹேப்பிஸ்பரோவிலும் இதே நிலை. இவற்றைக் காக்க வேண்டுமானால் பல கிலோமீட்டர் கரையைக் கட்டிப் பிடிக்க வேண்டும். வீடுகளையும் சாலைகளையுமே விட்டுக்கொடுக்கும் கரைகளில் அது நடவாது. இடம் மாற்றி வைக்கலாமே என்பார்க்கு ஒரு பதில் உண்டு: சுடுதுளை எதைப் பார்க்க வேண்டுமோ அதைப் பார்க்காத காவலரண் வெறும் கான்கிரீட். விழுமுன் அளந்து, படமெடுத்து, முப்பரிமாணமாகப் பதிந்து வைப்பதே செய்யத்தக்கது. 2015இல் தொடங்கிய சிட்டிசன் என்ற கரையோரத் தொல்லியல் திட்டம் அந்தந்த ஊர் மக்களையே கொண்டு அதைச் செய்தது.

கடல் எடுப்பது போலக் கொடுக்கவும் செய்கிறது. ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கரையில் டென்ட்ஸ்மியூர் என்ற இடத்தில், நாடிழந்து வந்த போலந்துப் படையினர் 1941இல் கடற்கரை ஓரமாக ஒரு நீண்ட கனசதுர வரிசையை நிறுத்தினார்கள். அங்கே வடபகுதியில் மணல் சேர்ந்து கரை கடலுக்குள் வளர்ந்துகொண்டே போனதால், அலையைத் தொட்டு நின்ற அந்த வரிசை இன்று மணற்குன்றுகளுக்கும் புல்லுக்கும் நடுவே வெகுதூரம் உள்ளே நிற்கிறது. டாங்கி எதையும் அது நிறுத்தவில்லை; 1941இல் கரை எங்கே இருந்தது என்பதை மட்டும், கல்லில் கிழித்த கோடு போல, இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது.